பட்டணத்து மணியும் ஆரணிச் சூரியனும்

ஆடி பிறந்த அன்று மத்தியானம், சம்பந்தி பச்சையம்மாள் வீட்டுக் கூடத்தில் சீர்த் தட்டுகளை இறக்கி வைத்தேன். உள்ளே மாப்பிள்ளை ஏகாம்பரத்தின் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் ரத்தினம் சமையற்கட்டிலிருந்து முகத்தை மட்டும் நீட்டிச் சிரித்தாள். அவளுக்குப் பதினாலு வயது. புகுந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். ஆடிக்கு அவளை அழைத்துப் போக வந்திருந்தேன்.

பச்சையம்மாள் ஒவ்வொரு தட்டாகப் பார்த்தாள். வாழைப்பழச் சீப்பைத் தூக்கித் திருப்பினாள்.

"இன்னா சம்பந்தி, பழம் ரயில்ல வந்திச்சா? இம்மாம் கருத்துப் போயிருக்குது!"

தறிக்குப் பாவு நூல் பிணைக்க வந்திருந்த பெண்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவளுக்கு அது போதவில்லை.

"பொண்ணே ரயில்ல வந்ததுதானே! ஊரு இல்லாத பொறப்பு. மருமவ பொறந்த ஊரு எதுன்னு கேட்டா நா இன்னா சொல்றது? தண்டவாளம்னு சொல்லவா?"

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சில் விஷம் இல்லை. அவள் வாய் அப்படி. காலையில் எழுந்து கோலம் போடுவதற்குள் தெருவில் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிடுவாள். ஆனால் எனக்கு அப்போது முப்பது வயதுதான். பத்துப் பெண்கள் எதிரில் என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று இருந்த காலம்.

"ஊரு இல்லன்னா இன்னா? எம் பொண்ணு பொறந்த நேரத்த அந்த ரயிலு கார்டு, சட்டக்காரரு, கடியாரத்துல பாத்து இங்கிலீசுல எழுதிக் குடுத்தாரு. உம் புள்ளைக்கு நேரம் சொன்னது யாரு? கோழியா?"

இப்போது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. பச்சையம்மாளும் சிரித்தாள். நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, அந்தச் சீட்டை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தேன்.

பேராசிரியர் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தப் பத்திரிகையில் என் பக்கத்துக்கு இந்த வாரம் நான் எழுத நினைத்திருந்தது வேறு. போன இதழில் என் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்ததைப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

படித்தேன் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சாயங்காலத்தில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். இன்றும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் தொட்டுப் போவேன்.

வேகமாகப் போகிற கடிகாரம் நின்ற இடத்தில் இருக்கிற கடிகாரத்தைவிட மெதுவாக ஓடுமாம். ஒன்றாகப் பிறந்த இரண்டு பேரில் ஒருவன் வெகு வேகமாகப் பிரயாணம் போய்த் திரும்பி வந்தால், வீட்டில் இருந்தவன் கிழவனாகவும் வந்தவன் வாலிபனாகவும் இருப்பார்களாம். இது மெய்யாக நடப்பதா, ஒருவர் இருக்கிற இடத்திலிருந்து இன்னொருவரைப் பார்க்கும்போது வருகிற தோற்றமா என்று படித்தவர்களுக்குள்ளேயே சண்டையாம். இவர் மெய்தான் என்கிறார். போனவன் திரும்பி வந்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒருவனுக்கு நரை இருக்கிறது, ஒருவனுக்கு இல்லை. அதை எந்தக் கணக்கைக் கொண்டும் அழிக்க முடியாது என்கிறார்.

ரயில் வேகத்துக்கெல்லாம் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது என்றும் எழுதியிருக்கிறார். ஆகையால் நான் சொல்லப் போவது அவர் சொல்கிற சமாசாரம் இல்லை என்று எனக்குத் தெரியும். எங்களுடையது வெறும் எண்ணிக்கையில் வந்த வித்தியாசம். ஆனாலும் அந்த நரையைப் பற்றிப் படித்ததும் கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டேன்.

வண்டிக்குள் பிறந்தவள்

பட்டணத்தில் என் அண்ணன் இருந்தான். ஏழு மாதக் கர்ப்பத்தோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்போது ஆரணிப் பக்கம் ரயில் கிடையாது. வாலாஜா வரைக்கும் ரயில். அங்கே இறங்கி மாட்டு வண்டி. என் வீட்டுக்காரர் ஆண்கள் வண்டியில் இருந்தார். நான் பெண்கள் வண்டியில். கடைசி வண்டி அது. அதற்குப் பின்னால் கார்டு வண்டி.

அரக்கோணம் தாண்டியதும் வலி எடுத்தது. நாளாகவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆற்காட்டுக்குப் போகிற ஒரு சாயபு வீட்டு அம்மாள். என் முகத்தைப் பார்த்தவள், வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து வந்தாள்.

"ஜல்தி ஒண்ணும் இல்லே பேட்டி, எம் மகளே. மெதுவா. ரயில் ஓடட்டும், நீ ஓடாதே."

மரப்பலகை இருக்கை. கரிப்புகை. தலைக்கு மேலே யாருடைய கருவாட்டுக் கூடையோ ஆடிக்கொண்டிருந்தது. அந்த வாசனையில்தான் ரத்தினம் பிறந்தாள்.

அவள் வீறிட்டது கார்டு வண்டிக்குக் கேட்டிருக்கிறது. பாதி வெள்ளைக்காரரான அந்தச் சட்டைக்காரர் உடனே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வந்து, ஜன்னலைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் ஒரு சீட்டை நீட்டினார். மூன்று அடித்து இரண்டு நிமிஷம் என்று அதில் இருந்தது. அந்த மனுஷருக்கும் எங்கேயோ குழந்தைகள் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சீட்டு எனக்கு நகை மாதிரி. ஆரணியில் எத்தனையோ பேர் பிள்ளை பெற்றார்கள். யாருக்கு இங்கிலீசில் நேரம் எழுதி வந்தது?

"மணிக்கு ஊர் ஏதுங்க?"

எங்கள் தெருவுக்கு ஜாதகம் எழுதுகிற ஜோசியர் கண் மங்கிப்போன கிழவர். இங்கிலீசு தெரிந்த ஒருவர் சீட்டைப் படித்துச் சொன்னதும், ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டார்.

"எந்த ஊரு மணிம்மா இது?"

"மணிக்கு ஊர் ஏதுங்க சாமி?"

"இருக்குதும்மா. ரயில்காரன் கடியாரம் பட்டணத்து மணி. சூரியன் பட்டணத்துல உதிச்சு அப்பால நம்ம ஊருக்கு வர நாலு நிமிஷம் ஆவுது. அங்க மூணு அடிச்சு ரெண்டு நிமிஷம்னா இங்க மூணு அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது. என் பஞ்சாங்கம் நம்ம சூரியனுக்கு எழுதினது."

"அப்போ எம் பொண்ணு எப்ப பொறந்தா?"

"அவ ஒரு தரம்தான் பொறந்தா. நாமதான் ரெண்டு விதமா எண்ணிகினு இருக்கோம்."

அன்றைக்குப் பூச நட்சத்திரம் எங்கள் ஊர்க் கணக்கில் சரியாக மூன்று மணிக்கு முடிகிறது. பிறகு ஆயில்யம். பூசத்தில் பிறந்த பெண்ணை யாரும் கொள்வார்கள். ஆயில்யத்தில் பிறந்தவள் என்றால், அவள் காலெடுத்து வைத்த வீட்டில் மாமியார் தங்கமாட்டாள் என்று பயம். அந்தப் பயம் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறது. நான் இருக்கிற வீட்டிலும் இருக்கிறது.

பூசம் என்று எழுதி, பூசம் அன்று இருபத்திரண்டரை நாழிகை வரை என்றும் எழுதிக் கொடுத்தார் ஜோசியர். கொடுக்கும்போது சொன்னார்:

"கணக்கு சரியா இருக்குது. ஆனா கேக்கறவனுக்குப் புரியாது. அந்தச் சீட்ட அடுப்புல போட்டுடு."

நான் போடவில்லை.

மறுபடியும் அந்தக் கூடம்

சீட்டைப் பச்சையம்மாளின் தம்பி நடேசன் கையில் எடுத்தான். நல்ல பையன். அக்காள்மேல் உயிர். ஆரணிக்கென்று புதிதாக ரயில் வந்து, ஊருக்கு வெகு தூரத்தில் ஸ்டேஷன் கட்டியபோது அங்கே கைகாட்டி போடுகிற வேலைக்குப் போயிருந்தான். நாலெழுத்து இங்கிலீசு தெரியும். கடிகாரம் பார்க்கத் தெரியும். அன்று லீவில் வந்திருந்தான்.

"மூணு அடிச்சு ரெண்டு நிமிஷம்," என்று உரக்கப் படித்தான். "பாரு அக்கா, ரயிலே வந்து சாட்சி சொல்லுது உம் மருமவளுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் விளையாட்டாகத்தான் ஜாதகத்தைக் கொண்டுவரச் சொன்னான். ஸ்டேஷனில் கற்ற கணக்கைக் காட்ட ஆசை.

"இருபத்திரண்டரை நாழிக. ஒரு மணிக்கு ரெண்டரை நாழிக. ஆறு மணிக்கு சூரியன் உதிச்சா, அங்கேருந்து ஒம்போது மணி நேரம். அப்போ மூணு மணியோட பூசம்..."

விரல் நின்றது. சீட்டைப் பார்த்தான். ஜாதகத்தைப் பார்த்தான்.

"இன்னாடா?" என்றாள் பச்சையம்மாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"சொல்லுடா, பேஜார் பண்ணாத."

"மூணு மணியோட பூசம் முடிஞ்சி போச்சு. கொழந்த அதுக்கு அப்பால பொறந்திருக்குது."

பாவு பிணைக்கிற பெண் ஒருத்தி கையை வாயில் வைத்துக்கொண்டாள். உள்ளே தறி நின்றுவிட்டது. பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக எனக்குத் தெரிந்த அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"கள்ள ஜாதகமா சம்பந்தி?"

நான் சொன்னேன். பட்டணத்துச் சூரியன், ஆரணிச் சூரியன், நாலு நிமிஷம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது புளுகு மாதிரிக் கேட்டது. ஜோசியரைக் கேட்கலாம் என்றால் அவர் செத்து மூன்று வருஷம்.

"ஊருக்கு ஒரு சூரியனா?" என்று கேட்டாள் அவள். கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப மெல்லக் கேட்டாள்.

"சர்க்கார் ரயிலே அந்த மணியிலதான் ஓடுதுக்கா," என்றான் நடேசன். "அது பொய்யா இருக்குமா?"

ரத்தினத்தை அழைத்துக்கொண்டு வந்தேன். ஆடி முடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணை அழைக்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அழைக்க வராவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி மாதம்

பச்சையம்மாள் படுத்துவிட்டாள் என்று பத்தாம் நாள் கேள்விப்பட்டேன். முதலில் நெஞ்சு அடைக்கிறது என்றாளாம். பிறகு சோறு இறங்கவில்லை என்றாளாம். எட்டு மாதம் ரத்தினம் கையால் சாப்பிட்டதை நினைத்து வாந்தி எடுத்தாளாம். குடிப்பது தண்ணீர் மட்டும். அதுவும் நடேசன் கொடுத்தால்.

"பொண்ணு எங்க வீட்டுல கெடக்குறா. அவ நட்சத்திரம் அங்க போய் இன்னா பண்ணும்?" என்று தெருவில் ஒருத்தியிடம் கேட்டேன்.

"நட்சத்திரத்துக்குத் தூரம் கெடையாதே," என்றாள் அவள்.

பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் மாப்பிள்ளை வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை. கையில் பட்டிழை ஒட்டிக்கொண்டிருந்தது. தறியிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறார்.

"அத்தே, ஒரு வார்த்த சொல்லணும்."

"சொல்லுங்க மாப்பிள்ள."

"நீங்க வந்து எங்கம்மா கிட்ட, அந்தச் சீட்டு பொய்னு சொல்லணும். கார்டும் இல்ல, கடியாரமும் இல்ல, பெருமைக்கு யாரையோ எழுதச் சொல்லி வச்சிகினு இருந்தேன்னு சொல்லணும். நீங்க சொன்னா நம்புவாங்க. சோறு துன்னுவாங்க."

ரத்தினம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

"நா பொய்க்காரின்னு பத்துப் பேர் எதிர்ல சொல்லணுமா?"

"எங்கம்மா எதிர்ல சொன்னா போதும்."

"சீட்டும் மெய், ஜாதகமும் மெய். ரெண்டுல எதையும் பொய்னு சொல்ல மாட்டேன் மாப்பிள்ள. ஸ்டேஷன் மாஸ்டர் கிட்டயே எழுதி வாங்கிகினு வரேன். நாலு நிமிஷம்னு அவரே எழுதுவாரு. அப்பால நடேசன் இன்னா சொல்லுவான்?"

அவர் கையில் ஒட்டியிருந்த பட்டிழையை உருவிப் போட்டார். "ஜல்தியா வாங்க அத்தே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டார். "அவரு சொன்ன மாதிரி சொல்லிட்டா இன்னாடி?" நான் வண்டிக்காரனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஸ்டேஷன்

வண்டி கட்டிக்கொண்டு போனால் ஸ்டேஷனுக்கு அரை நாள். முதல் தடவை போனபோது மாஸ்டர் ஊரில் இல்லை. இரண்டாம் தடவை இருந்தார், நேரமில்லை. பொம்பளை எதற்கு மணியைப் பற்றிக் கேட்கிறாள் என்று பார்த்தார். மூன்றாம் தடவை நான் எழுந்திருக்கவில்லை. சாமான் எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் அவர் நல்லவர்தான். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். தந்தியில் பட்டணத்திலிருந்து தினமும் மணி சொல்லி அனுப்புகிறார்கள், அதற்குத் தகுந்தாற்போல் முள்ளைத் திருத்துகிறோம் என்றார். ஆரணியில் சூரியனை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய நாலு நிமிஷம் பின்னால் இருக்கும் என்றார்.

"அந்த நாலு நிமிஷம் எங்க போவுதுங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகல அம்மா. அது சும்மா கணக்கு. ரயில் முட்டிக்காம இருக்க எல்லாரும் ஒரே மணி வச்சிக்கிறோம். வானத்துல ஒண்ணும் மாறல."

அதையே தமிழில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஈர மை காய ஊதிக் கொடுத்தார். ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வண்டி ஆரணிக்குள் நுழையும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சம்பந்தி வீட்டுக்கு விடச் சொன்னேன். தாளை மடியில் மடங்காமல் வைத்திருந்தேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பச்சையம்மாள் எழுந்து உட்காருவாள், தொண்டையைச் செருமிக்கொண்டு என்னை ஒரு கேலி பேசுவாள், அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன்.

தெரு முனையில் சங்கு ஊதினார்கள்.

வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கூடத்தில் நடேசன் அக்காளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். அடிக்க வருகிறான் என்று நினைத்தேன். நான் தாளை நீட்டினேன். அவன் அதை வாங்கி முழுக்கப் படித்தான். படித்துவிட்டு, அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

பொய் சொல்லியிருந்தால் ஒரு மத்தியானம் போதும். இரண்டு தெரு தள்ளி வீடு. மெய்யை எழுதி வாங்கி வர எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

எது மெய்

ஆவணியில் யாரும் ரத்தினத்தை அழைக்க வரவில்லை. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் அம்மாவைக் கொண்டுபோன பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் அந்தத் தெருவில் வாழ முடியாது. அடுத்த வருஷம் தை மாதத்தில் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. மேளச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. ரத்தினம் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இராட்டை நிற்கவில்லை.

பச்சையம்மாள் செத்த அன்று ரத்தினத்திடம் அந்தத் தாளைக் காட்டினேன். பூசம்தானடி கண்ணு, ஸ்டேஷன் மாஸ்டரே எழுதிக் கொடுத்துவிட்டார், நீ பூசம்தான் என்றேன்.

அவள் தாளைத் தொடவில்லை. "அவங்க செத்துட்டாங்களேம்மா," என்றாள்.

வானத்தில் ஒன்றும் மாறவில்லை என்று மாஸ்டர் சொன்னார். அது மெய். எண்ணிக்கைதான் இரண்டு என்று ஜோசியர் சொன்னார். அதுவும் மெய். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு நடுவில் ஒருத்தி பட்டினி கிடந்து செத்தாள். ஒருத்திக்குப் பதினாலு வயதில் எல்லாம் முடிந்துபோயிற்று.

பேராசிரியர் ஐயா பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். நானும் ரத்தினமும் நாற்பத்தைந்து வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். எனக்கு இன்னும் பாதித் தலை கறுப்பு. அவளுக்கு முப்பது வயதிலேயே முழுக்க வெளுத்துவிட்டது, முதுகும் வளைந்துவிட்டது. புடவை வாங்கப் புதிதாக வருகிறவர்கள் அவளைத்தான் அம்மா என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். நான் திருத்துவதில்லை. அவளும் திருத்துவதில்லை. எங்களில் யாரும் வேகமாக எங்கேயும் போகவில்லை.

பச்சையம்மாள் செத்து நாலு வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை ரத்தினத்தை வற்புறுத்திக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள் வழக்கம்போல் கேட்டார்.

"பேரு?"

"ரத்தினம்," என்றேன்.

"நட்சத்திரம்?"

பூசம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவள் சொன்னாள்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க."

குருக்கள் அப்படியே செய்தார். அன்று முதல் அப்படித்தான். போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன், வாயைத் திறப்பதில்லை.